பல்லின் கறையும் மனிதனின் மானமும்

(சேர்வராயன் மலை ஏற்காட்டில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்த மலையுச்சியில் கூடியிருக்கும் கூட்டத்தில் பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நாம் சொன்னவுடன் உங்களில் பலர் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பையே நாம் இன்றைய பேச்சுக்கு முதல் சாட்சியாக வைத்துக் கொள்ளுகிறோம். ஏனென்றால் சிலர் வாயைத் திறந்து தாராளமாய்ச் சிரித்தீர்கள். சிலர் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். பின்வரிசையில் இருக்கும் இரண்டொருவர் துண்டின் முனையையும், சேலைத் தலைப்பையும் வாயில் வைத்துக் கொண்டு சிரித்தீர்கள். வேடிக்கை ஒன்று, சிரிப்பு மாத்திரம் மூன்று தினுசு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் ஜவாப்தாரி, அதற்குப் பரிகாரம் என்ன என்பவைதான் நாம் இன்று யோசிக்க வேண்டிய விஷயங்கள்.

இன்று காலையில் ஏரிக்கரையில் நாம் கண்ட ஒரு காரியத்தைச் சொல்லுகிறோம். கீழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பம் மலை பார்க்க வந்திருந்தது. தாய், தகப்பன், பன்னிரண்டு பதின்மூன்று வயதுள்ள ஒரு பையன். போட்டோ பிடிக்கும் பிள்ளையாண்டான் ஒருவன், "தம்பி, கொஞ்சம் சிரிப்பா!" என்றான். பையன் உதட்டை இறுக மூடிக் கொண்டான். "பல்லு தெரியச் சிரி தம்பி" என்று மறுபடியும் சொன்னான். பையன் தலையைக் குனிந்து கொண்டான். அப்போது தாயார் சொன்னாள்: "அவன் சிரிக்க மாட்டானுங்க. அப்படியே எடுத்துடுங்க." அவ்வளவுதான். போட்டோவும் எடுத்தாய்விட்டது. ஆனால் அந்த அம்மாள் சொன்ன வார்த்தை நம் மனதை விட்டுப் போகவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் சிரிக்க மாட்டான் என்று பெற்ற தாயே தீர்மானித்து, அதை ஊருக்கும் தெரிவித்துக் கொண்டு திரிய வேண்டியிருக்கிறதென்றால், அவன் செய்த குற்றம் என்ன?

அவன் வாயைத் திறந்த க்ஷணத்தில் நாம் பார்த்தோம். முன்பற்களில் பழுப்புக் கறை. வெள்ளைத் திட்டும் மஞ்சள் கோடும் கலந்த கறை. பார்த்த மாத்திரத்தில் அவன் எந்தப் பக்கத்துப் பையன் என்று நமக்குத் தெரிந்து விட்டது. எப்படித் தெரிந்ததென்றால், அதே கறை நம் வாயிலும் இருக்கிறது. இதோ பாருங்கள். நாம் பிறந்து வளர்ந்ததும் இந்த மலைக்கு வடக்கே, தர்மபுரிப் பக்கத்தில் ஒரு கிராமம். 1965ஆம் வருஷம் வரையில் அதுவும் சேலம் ஜில்லாவாகவே இருந்தது. ஜில்லாவைப் பிரித்தார்கள், 2004ல் கிருஷ்ணகிரியையும் தனி ஜில்லாவாகப் பிரித்தார்கள். ஜில்லாக்கள் பிரிந்தாலும் பல்லின் கறை மாத்திரம் பிரியாமல் எல்லாவற்றிலும் சேர்ந்தே இருந்து வந்தது.

கறைப்பல்லால் வரும் கஷ்டம்

தோழர்களே! கறைப்பல் என்பது வலிக்கிற வியாதி அல்ல. வலித்தால் வைத்தியரிடம் ஓடுவோம். இது வலிக்காமல் மனிதனைக் கொல்லுகிற வியாதி. பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் கேள்வி கேட்டால், விடை தெரிந்த பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். உத்தியோகத்துக்கு நேரில் பார்த்துப் பேசக் கூப்பிட்டால், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்துவிடும். "பையனுக்குக் கெட்டித்தனம் போதாது" என்று அங்கே எழுதிவிடுவார்கள். கெட்டித்தனம் இருந்தது, அது உதட்டுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது என்பது யாருக்குத் தெரியும்?

பெண்களின் பாடு இன்னும் மோசம். பெண் பார்க்க வருகிறவர்கள் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலவே பார்க்கிறார்கள். மாட்டைப் பார்க்கிறவனாவது வயதை அறியப் பல்லைப் பார்க்கிறான். பெண்ணைப் பார்க்கிறவர்கள் வரதட்சிணையை உயர்த்தப் பல்லைப் பார்க்கிறார்கள். "பல்லு இப்படி இருக்குதே, இன்னும் அஞ்சு பவுன் சேர்த்துப் போடுங்க" என்று நம் காதுபடக் கேட்டவர்கள் உண்டு. கேட்ட மாப்பிள்ளை வீட்டார் அடுத்த தாலூகாக்காரர், அவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீருக்கும் பவுனுக்கும் என்ன சம்பந்தம் என்று பெண்ணைப் பெற்றவர் கேட்கவில்லை. கடன் வாங்கிப் போட்டார்.

கர்மமா? கிணறா?

இந்தக் கறைக்கு நம் ஜனங்கள் சொல்லும் காரணங்களைக் கேளுங்கள். சாமி குற்றம் என்பார் ஒருவர். பூர்வஜென்மத்தில் பொய் சொன்ன வாய் என்பார் மற்றொருவர். கர்ப்பத்தில் தாயார் தின்னக் கூடாததைத் தின்றாள் என்பாள் கிழவி. பல் விளக்காத சோம்பேறி என்பார் படித்தவர். ஆக, சாமி, ஜென்மம், தாயார், பிள்ளை என்று எல்லோர் மேலும் குற்றம் சுமத்தியாய் விட்டது. பூமியையும் தண்ணீரையும் மாத்திரம் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

நாம் கேட்கிறோம்: பூர்வஜென்மத்தில் பொய் சொன்னவர்களெல்லாம் ஒரே ஊரில் கூட்டமாய் வந்து பிறப்பார்களா? பக்கத்து ஊரில் உள்ளவர்கள் எல்லாம் அரிச்சந்திரன் பரம்பரையா? ஒரே வீட்டில், வெளியூரில் வளர்ந்து கல்யாணமாகி வந்த மருமகளுக்குப் பல் வெள்ளையாகவும், அவள் இங்கே பெற்று வளர்த்த பிள்ளைகளுக்குப் பல் பழுப்பாகவும் இருப்பானேன்? பாவம் தாயாரைத் தொடாமல் தாண்டிக் குதித்துப் பிள்ளையைப் பிடித்துக் கொண்டதா? கர்மத்துக்குத் தாலூகா எல்லை உண்டா? கொஞ்சமாவது யோசித்துப் பார்த்தால், இது மனிதனின் நடத்தையைத் தொடர்ந்து வந்ததல்ல, குடித்த தண்ணீரைத் தொடர்ந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

இப்படி யோசித்துப் பார்த்த ஒருவருடைய கதையைச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்றொரு ஊர். அதுவும் மலையடிவாரத்து ஊர். 1901ல் பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் வைத்தியர் அங்கே தொழில் செய்யப் போனார். ஊர்ப்பிள்ளைகளின் பற்களில் சாக்கலேட் நிறத்தில் கறை இருப்பதைக் கண்டார். புத்தகங்களில் தேடினார், ஒன்றிலும் இல்லை. ஊராரைக் கேட்டார். பன்றி மாமிசம் அதிகம் தின்பதால் என்றார்கள். மட்டமான பாலைக் குடிப்பதால் என்றார்கள். வெள்ளைக்காரனும் நம்மைப் போலவே காரணம் சொல்லியிருக்கிறான் பாருங்கள்! முட்டாள்தனத்துக்குத் தேசம், நிறம் கிடையாது.

ஆனால் மெக்கே அதை நம்பிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அக்காலத்தில் பேர்பெற்ற பல் வைத்திய நிபுணரான கிரீன் பிளாக் என்பவரை 1909ல் அழைத்து வந்தார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்ததில் ஒரு உண்மை தெரிந்தது. பல் முளைத்து முடிந்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்த பெரியவர்களுக்குக் கறை வருவதில்லை; அங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. அதாவது, ஈறுக்குள் பல் உருவாகிக் கொண்டிருக்கும் காலத்திலேயே கறை உள்ளே ஏறிவிடுகிறது. வெளியிலிருந்து ஒட்டிக் கொண்ட அழுக்கல்ல அது.

1923ல் ஐடாஹோ நாட்டு ஓக்லி என்ற ஊருக்கு மெக்கே போனார். வெகுதூரத்து ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்த பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வந்ததாகத் தாய்மார்கள் சொன்னார்கள். அத்தாய்மார்கள் சொன்னதை அவர் அலட்சியம் செய்யவில்லை. அந்தத் தண்ணீரை விட்டு விட்டு வேறு ஊற்றுத் தண்ணீரைக் குடியுங்கள் என்றார். ஊரார் அப்படியே செய்தார்கள். சில வருஷங்களில் சிறு பிள்ளைகளுக்குச் சுத்தமான பற்கள் முளைத்தன. கர்மம் குழாயை மாற்றியதும் ஓடிப்போய் விட்டது! எந்தக் கோயிலில் பரிகாரம் செய்தார்கள்? எந்தச் சாஸ்திரியார் ஓமம் வளர்த்தார்?

இனி அந்தத் தண்ணீரில் இருந்தது என்ன என்பதைக் கேளுங்கள். அதற்கும் இந்த மலைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. இந்த மலையில் முன்பு பாக்சைட் வெட்டி எடுத்து, மேட்டூரில் அலுமினியம் செய்ததை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்காவிலும் அலுமினியக் கம்பெனி மண் வெட்டிய ஒரு ஊர் உண்டு. அந்த ஊரின் பெயரே பாக்சைட். அங்கேயும் பிள்ளைகளுக்குக் கறைப்பல். ஐந்து மைல் தூரத்திலிருந்த அடுத்த ஊரில் இல்லை. அலுமினியப் பாத்திரத்தால்தான் கேடு என்று எங்கே தன் வியாபாரத்துக்குப் பழி வந்துவிடுமோ என்ற பயம் கம்பெனிக்கு. ஆகவே அதன் ரசாயன நிபுணர் சர்ச்சில் என்பவர் 1931ல் அவ்வூர்த் தண்ணீரை மிக நுட்பமாகப் பரீட்சித்தார். யாரும் எதிர்பாராதபடி லிட்டருக்குச் சுமார் 13.7 மில்லிகிராம் புளோரைடு இருக்கக் கண்டார். லாபத்தைக் காப்பாற்றச் செய்த பரீட்சை உலகத்துக்கே உண்மையைக் கொடுத்தது. எந்த நோக்கத்தோடு செய்தாலும் பரீட்சை பரீட்சைதான். எவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் கட்டுக்கதை கட்டுக்கதைதான்.

நம் நாடும் இதில் வெகுகாலம் பின்தங்கியிருக்கவில்லை. 1937ஆம் வருஷத்திலேயே, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் இந்த வியாதி இருப்பதை ஷார்ட் முதலிய வைத்தியர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். அங்கே பல் மாத்திரமல்ல, முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி, குனிய நிமிர முடியாமல் கஷ்டப்பட்டவர்களைக் கண்டார்கள். இதே தண்ணீரைக் குடித்த மாடுகளுக்கும் இந்த வியாதி வருவதுண்டு. மனிதனுக்காவது பூர்வஜென்ம பாவம் என்று சொன்னீர்கள். மாடு எந்த ஜென்மத்தில் யாரை ஏமாற்றிற்று என்று நாம் கேட்கிறோம்.

தண்ணீருக்கு விஷம் எங்கிருந்து வந்தது?

மலைமேல் லேடீஸ் சீட் என்னுமிடத்தில் நின்று கீழே பாருங்கள். சேலம் சமவெளி பரந்து கிடக்கும். அதற்கு அடியில் கருங்கற்பாறை. அப்பாறையில் அப்பிரகம் முதலிய பல தாதுக்களோடு புளோரைடும் கலந்திருக்கிறது. பாறையின் சந்துகளில் தண்ணீர் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்குப் புளோரைடு கரைகிறது. அதிலும் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து காரம் மிகுந்த தண்ணீரில் அதிகமாய்க் கரைகிறது. மழை குறைந்த சீமையில், மேல்மட்டத்துக் கிணறு வற்றிப் போய், நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் போர் போட்டுப் பழைய தண்ணீரை உறிஞ்சும் இடங்களில் இந்தக் கேடு வரும் என்பதில் என்ன ஆச்சரியம்? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலும், சேலம் ஜில்லாவின் சில பாகங்களிலும் இப்படித்தான் நேர்ந்தது.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. நம் நாட்டு அளவோ 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரையில் பொறுக்கலாம் என்பது. பிறந்தது முதல் சுமார் 8 வயது வரையில் நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகிக் கொண்டிருக்கின்றன. அப்போது அதிகப்படியான புளோரைடு பல்லின் மேலோடு இறுகிக் கெட்டிப்படாமல் தடுத்து விடுகிறது. முதலில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு. பிறகு மஞ்சள், பழுப்பு. கடுமையானால் பல்லில் குழிகள். ஆகவே, பல் விளக்காததால் வந்ததல்ல இது. ஆலங்குச்சி கொண்டு தேய்த்தாலும் போகாது. செங்கல் பொடி, கரித்தூள் கொண்டு தேய்த்தால் கறை போகாமல் பல்தான் தேயும். பல் விளக்கவில்லை என்று பிள்ளையை அடித்த உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். புளோரைடு என்ற பெயரைக் கேட்டே பயப்பட வேண்டியதில்லை. அளவாய் இருந்தால் அது பல்லைச் சொத்தை விழாமல் காக்கிறது. 1945ல் அமெரிக்காவில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் இருக்கும்படி வேண்டுமென்றே கலந்து கொடுத்தார்கள். மருந்தா, விஷமா என்பது அளவைப் பொறுத்தது. அளவை அறியப் பரீட்சைதான் வழி. பயமும் வழியல்ல, பக்தியும் வழியல்ல.

சர்க்காரும் பேசாமல் இருந்துவிடவில்லை. ஒகேனக்கல்லில் காவிரித் தண்ணீரை எடுத்துத் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் குழாய் மூலம் கொடுக்கும் திட்டத்துக்கு 2008ல் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் வேலை நடந்து 2013ல் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே புளோரைடு வியாதியைத் தணிக்கும் திட்டம் என்று சேர்த்திருக்கிறார்கள். கர்மத்தைத் தணிக்கும் திட்டம் என்று ஏன் பெயர் வைக்கவில்லை? இஞ்சினீயருக்குக் கர்மத்தைக் குழாயில் அனுப்பத் தெரியாது. தண்ணீரைத்தான் அனுப்பத் தெரியும். பிறந்தது முதல் அந்த ஆற்றுத் தண்ணீரையே குடித்து வளரும் பிள்ளைக்குத் தண்ணீரால் இந்தக் கறை வருவதற்குக் காரணமே இல்லை.

அழகு என்பது யார் போட்ட அளவு?

நிற்க, அழகைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். வெள்ளைப்பல்தான் அழகு என்பது இயற்கைச் சட்டமா? ஜப்பான் தேசத்தில் பல நூற்றாண்டுகளாகப் பெரிய குடும்பத்துப் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக் கொள்வதே அழகாயிருந்தது. 1870ல் சர்க்கார் பிரபுக்களுக்கு அதைத் தடை செய்து, 1873ல் ராணியே விட்டுவிட்ட பிறகு அந்தக் கறுப்பு மறையலாயிற்று. நம் நாட்டிலும் மிசி பூசிப் பல்லைக் கறுப்பாக்கிக் கொண்ட பெண்கள் இருந்ததுண்டு. நேற்று கறுப்பு அழகு. இன்று வெள்ளை அழகு. பல் அதே பல்தான். பார்க்கிறவன் கண்தான் மாறிற்று.

பிறர் பல்லைப் பிடுங்கித் தன் வாயை அழகு செய்த கதையும் உண்டு. அமெரிக்காவின் முதல் பிரசிடெண்டு வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்று கதை சொல்லுவார்கள். அது உண்மையல்ல. யானைத் தந்தம், மாட்டுப் பல், மனிதப் பல் இவைகளால் செய்தவை அவருடைய பற்கள். 1784ஆம் வருஷத்து அவர் பண்ணைக் கணக்கில், நீக்ரோக்களிடம் ஒன்பது பற்கள் வாங்கியதற்குப் பணம் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. அடிமைக்கு விற்க வேறென்ன இருந்தது? 1815ல் வாட்டர்லூ யுத்தத்தில் செத்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கிக் கொண்டுபோய்ச் சீமான்களுக்குப் பல் கட்டினார்கள். ஏழையின் வாயில் இருந்தபோது அந்தப் பல்லை ஒருவரும் பார்க்கவில்லை. பணக்காரன் வாய்க்கு வந்ததும் அதே பல் புன்சிரிப்பாய் விட்டது!

இன்று அப்படிப் பிடுங்க வேண்டியதில்லை. பீங்கானும், பற்பசைக் கூழும், வெளுப்பு மருந்தும் வந்துவிட்டன. கைப்பேசியைத் திறந்தால் "உங்கள் சிரிப்பை மாற்றுங்கள், உங்கள் வாழ்க்கையை மாற்றுங்கள், மாதத் தவணையில் கட்டலாம்" என்று விளம்பரம். வைத்தியத்தை நாம் குறை சொல்லவில்லை. தாராளமாகச் செய்து கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுவது வீண் ஆடம்பரமல்ல. அதுபோலவே, வாயைத் திறந்து பேசக் கூசும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ பல்லைச் சீர்செய்வதும் ஆடம்பரமல்ல. "உள்ளத்து அழகே அழகு" என்று தன் பல் வெள்ளையாயிருக்கும் பெரியவர் உபதேசம் செய்வது சுலபம்.

ஆனால் தெரிந்து செய்யுங்கள். இலேசான கறைக்கு வெளுப்பு மருந்தும், மேற்பரப்பை மெல்லிசாகத் தேய்த்தெடுக்கும் சிகிச்சையும் போதும். நடுத்தரமானதற்குப் பல் நிறக் கூழை ஒட்டி மறைக்கலாம். கடுமையானதற்குத்தான் பீங்கான் தகடோ, மூடியோ வேண்டும். அவைகளுக்குப் பல்லைச் சீவ வேண்டியிருக்கும். சீவிய பல் திரும்ப வளராது. வைத்த தகடும் ஆயுசு முழுவதும் இருக்காது, மறுபடி மாற்ற வேண்டும். ஆகவே சிறியதில் ஆரம்பித்து, அதில் தீராவிட்டால்தான் பெரியதற்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் எல்லாப் பல்லையும் சீவ வேண்டும் என்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியின் பல் வைத்தியப் பகுதியிலும் ஒரு தரம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 1948லேயே பல் வைத்தியர்களுக்குச் சட்டம் வந்து, பதிவு செய்து கொண்டவரே தொழில் செய்யலாம் என்றாகிவிட்டது. சந்தையில் திராவகம் தடவிக் கறை எடுக்கிறேன் என்கிறவனிடம் வாயைக் காட்டாதீர்கள்.

தைரியம் எங்கிருந்து வருகிறது?

பல் அழகானால் தைரியம் வந்துவிடுமா என்று கேட்பீர்கள். இதையும் பரீட்சித்திருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரில் 1981ல் 11, 12 வயதுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பல் வரிசையையும் மன நிலையையும் குறித்து வைத்தார்கள். இருபது வருஷங் கழித்து அவர்களில் 337 பேரை மறுபடியும் பார்த்தார்கள். கோணல் பல்லைக் கம்பி கட்டிச் சரிசெய்து கொண்டவர்களுக்குப் பல் வரிசை நன்றாயிருந்தது. அதில் திருப்தியும் இருந்தது. ஆனால் தன்மதிப்பும் மனநலமும் பல் சிகிச்சையால் பெரிதாய் மாறவில்லை. சிறு வயதில் தன்னை மதித்தவன் பெரியவனான பிறகும் மதித்தான். இது கோணல் பல்லைப் பற்றிக் கண்டது. கறைப்பல்லுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனாலும் ஒன்று யோசிக்க வேண்டும். பல்லைப் பல் வைத்தியர் கட்டலாம்; தைரியத்தை அவர் கட்டிக் கொடுக்க முடியாது. பிள்ளையின் தைரியத்தை வீட்டிலும், பள்ளிக்கூடத்திலும், தெருவிலும் நாம்தான் தினம் தினம் பிடுங்கிக் கொண்டிருக்கிறோம். பிடுங்குவதை நிறுத்தாமல் பல் கட்டினால் மாத்திரம் போதாது.

வாயை மூடும் வழக்கம் நமக்குப் புதிதா? ஒரு காலத்தில் மேல்சாதிக்காரன் எதிரில் கீழ்சாதி என்று சொல்லப்பட்டவன் கை கட்டி, வாய் பொத்தி நிற்க வேண்டுமென்று வைத்திருந்தார்கள். அவன் மூச்சுக் காற்றும் தீட்டு என்றார்கள். அப்படிப் பொத்திய கையை எடுக்க வைக்க எத்தனை பேர் எத்தனை காலம் பாடுபட்டார்கள்! பெண்களுக்கோ, "பொம்பளை சிரிச்சாப் போச்சு" என்று ஒரு பழமொழியையே கட்டி வைத்தார்கள். என்ன போச்சு? ஆண்பிள்ளையின் அதிகாரம் போச்சு. ஆகவேதான் நாம் சொல்லுகிறோம்: வாயைப் பொத்திக் கொண்டு ஒரு பிள்ளை சிரிப்பதை நாம் சின்ன விஷயமாக நினைக்க முடியாது. சாதியின் பேரால் பொத்திய கையை எடுத்தோம். கறையின் பேரால் அது மறுபடியும் வாய்க்குப் போவதைப் பார்த்துக் கொண்டிருக்கலாமா?

வெட்கப்பட வேண்டியவர் யார்? பையன் நான்கு வயதில் தாகமெடுத்துத் தண்ணீர் குடித்தான். அது அவன் குற்றமா? தண்ணீரில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் போர் போட்டவர், பார்த்தும் சொல்லாதவர், சொல்லியும் கவனிக்காதவர், கறையைக் கண்டு பவுன் கேட்டவர் இவர்களல்லவா தலை குனிய வேண்டும்?

செய்ய வேண்டிய காரியம்

வெறும் பேச்சோடு கலைந்து போகாமல், ஊருக்குப் போய்ச் சில காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, உங்கள் ஊர்க் கிணறு, போர் தண்ணீரைப் பரீட்சிக்கச் சொல்லுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பரீட்சைச் சாலைகள் இருக்கின்றன. வந்த கணக்கைப் பஞ்சாயத்து ஆபீசுச் சுவரில் எல்லோருக்கும் தெரிய எழுதி வைக்கச் செய்யுங்கள். கோயில் சுவரில் நன்கொடை கொடுத்தவர் பேர் எழுதவில்லையா? அதுபோல் இதையும் எழுதலாம்.

இரண்டாவது, காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆக மிச்சத்தில் அது கெட்டிப்படும். படிகாரமும் சுண்ணாம்பும் அளவறிந்து சேர்த்துத் தெளிய வைக்கும் முறையை நாகபுரி ஆராய்ச்சிச் சாலையார் கண்டு, நல்கொண்டா முறை என்று அதற்குப் பெயர். அது தெரிந்தவர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய காரியம். வீட்டில் செய்யக் கூடியது மழைத் தண்ணீரைச் சுத்தமாய்ப் பிடித்து மூடி வைப்பது. மழைத் தண்ணீரில் புளோரைடு பேருக்குத்தான் இருக்கும். எல்லோருக்கும் போதாவிட்டால், எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள். வீட்டில் நல்ல பண்டம் வந்தால் ஆண்பிள்ளைக்கு முதலில் கொடுக்கும் வழக்கத்தை இதிலாவது விட்டுப் பெண் பிள்ளைக்கும் சமமாய்க் கொடுங்கள். பாலும், கேழ்வரகும், கீரையும் கிடைக்கும் மட்டும் கொடுங்கள். சுண்ணாம்புச்சத்துக் குறைந்த உடம்பில் இந்த விஷம் அதிகமாய் வேலை செய்கிறது. சிறு பிள்ளைகளுக்குப் பற்பசையைப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்காமல், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

மூன்றாவது, இந்தப் பக்கத்தில் உள்ள வேறொரு கறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலைக் கறை. அது தண்ணீரால் வந்ததல்ல. நாமே காசு கொடுத்து வாங்கியது. பாக்கு தனியாகவும், புகையிலையோடு சேர்ந்தும் வாயில் புற்று உண்டாக்கும் என்று உலக ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கேட்காமல் வந்த கறைக்கு வெட்கப்பட்டு, கேட்டு வாங்கிய கறையை மரியாதையென்று தாம்பூலத் தட்டில் வைத்து நீட்டுகிறோம். என்ன நியாயம் இது?

நான்காவது, உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் கறைப்பல் பிள்ளையிடம் "உன் பல்லில் இருப்பது அழுக்கல்ல, இந்தப் பூமியின் தண்ணீர் எழுதியது" என்று ஒரு தரம், எல்லோர் எதிரிலும் சொல்லுங்கள். கேலி செய்கிற பிள்ளைகளுக்கும் அதையே பாடமாய்ச் சொல்லிக் கொடுங்கள். காரணம் தெரிந்த இடத்தில் கேலி நிற்காது. பெண் பார்க்க வந்து பல்லுக்குப் பவுன் கேட்கிறவனை, தண்ணீர்ப் பரீட்சைக் காகிதத்தைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. காலையில் ஏரிக்கரையில் அந்தப் பையனிடம் நாம் போய், "தம்பி, இங்கே பார்" என்று நம் பல்லைக் காட்டினோம். பார்த்தான். தாயாரைப் பார்த்தான். மறுபடியும் நம்மைப் பார்த்தான். "உங்களுக்கும் அந்தத் தண்ணியாங்க?" என்றான். ஆமாம் தம்பி, அந்தத் தண்ணீர்தான் என்றோம். அவன் சிரித்தான் என்று சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த நமக்கு ஆசைதான். ஆனால் அவன் சிரிக்கவில்லை. கேட்டான், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் மூடியிருந்த வாய் ஒரு கேள்விக்காகத் திறந்தது. கேள்வி கேட்க ஆரம்பித்தவன் சிரிக்கவும் ஆரம்பிப்பான். அந்தக் கேள்வியைப் பஞ்சாயத்தில் கேளுங்கள், பள்ளிக்கூடத்தில் கேளுங்கள், பெண் பார்க்கும் கூடத்தில் கேளுங்கள்.